கப்பலில் ஆறாவது ஆள்

ஜெயமணி கப்பலில் போகப்போகிறாள் என்ற சேதி தெருவுக்குள் நுழைந்தபோது காலை மணி ஏழு. ஏழேகாலுக்கெல்லாம் அது பால்காரரையும் தாண்டிப் பாகலூர் ரோட்டுக்குப் போய்விட்டது. ஓசூரில் இதொன்றும் அதிசயமில்லை. கம்பெனிக்காரர்கள் கோவா போகிறார்கள், சிங்கப்பூர் போகிறார்கள், போன இடத்திலெல்லாம் கறுப்புக் கண்ணாடி போட்டு ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். ஆனால் கூட யார் யார் போகிறார்கள் என்று கேட்டபோதுதான், எதிர்வீட்டு நாகம்மா உரித்துக்கொண்டிருந்த அவரைக்காயைக் கீழே வைத்தாள்.

"மாமாவும் வராருக்கா."

"யாரு, உங்க மாமனாரா? கட்டில விட்டு எறங்காத மனுசனக் கடலுக்குக் கூட்டினு போறியா? ஏமி ஜெயா, நல்லாத்தான இருக்க நீ?"

நாகம்மாவுக்கு ஆச்சரியம் வந்தால் தெலுங்கு வரும், கோபம் வந்தால் கன்னடம் வரும். அன்றைக்கு இரண்டும் முட்டி மோதிக்கொண்டு வந்தன.

விஷயம் இதுதான். ஜெயமணியின் மகள் சுப்ரியா பெங்களூரில் வேலை பார்ப்பவள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் கல்யாணமாகி ஐம்பத்தெட்டு வருஷம், இரண்டு பேரும் கடலையே பார்த்ததில்லை என்று, போன வருஷம் சென்னையிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் ஆறு பேருக்கு இடம் பிடித்துவிட்டாள். இரண்டு ராத்திரி கடலில் மிதந்துவிட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்புகிற கப்பல். "எங்கியும் போவாத கப்பலுக்கு எதுக்குடி பெட்டி?" என்று கேட்டாள் பாட்டி சரோஜம்மாள். அவள், அவள் புருஷன் கோவிந்தன், மகன் பாஸ்கரன், மருமகள் ஜெயமணி, சுப்ரியா, சுப்ரியாவின் மூன்று வயது மகள் வீரலட்சுமி. நான்கு தலைமுறை, ஆறு பேர். சுப்ரியாவின் புருஷன் ஸ்ரீராமுக்குப் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும்; அவன் ஆரம்பத்திலேயே கழன்றுகொண்டான்.

கப்பல் கிளம்புமுன் சரோஜம்மாள் கிளம்பிவிட்டாள். நான்கு மாதம் ஆகிறது.

சரோஜம்மாளைப் பற்றித் தெருவில் இரண்டு கருத்து கிடையாது. சாமல்பட்டி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகன் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, புருஷன் சட்டைப் பொத்தானைக்கூட இன்னொருத்தரைப் போட விட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து கோவிந்தனின் வலப்பக்கமும் பேச்சும் போன பிறகு இன்னும் கெடுபிடி. ஜெயமணி சோற்றுக் கிண்ணத்தோடு போனால், "என் ஆள நான் பாத்துக்கறன், நீ உன் ஆளப் போய்ப் பாரு" என்று அறை வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். தினமும் காலையில் அவருடைய வலது முழங்கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திப் பத்து அடி நடத்துவாள். "ஒண்ணு, ரெண்டு" என்று அவள் எண்ணுவது நான்கு வீட்டுக்குக் கேட்கும். பத்தாவது அடியில் நிற்பார். அவள் மூச்சு வாங்குவாள். பிறகு திரும்பிப் பத்து அடி. கடைசியாகப் படுத்த மூன்று நாளில், நாகம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் சுற்றி நிற்கும்போதே, புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"நான் முன்னாடி போயி எடம் பாத்து வெக்கறன். உங்களுக்கு ஒண்டியா வரத் தெரியாது. நானே வந்து கூட்டிக்கறன்."

சிரித்தவர்கள் பாதி, சிரிக்காதவர்கள் பாதி. ஜெயமணி சிரிக்காத பாதியில் இருந்தாள்.

அவள் போன பிறகு கோவிந்தன் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. பிசியோதெரபிக்காரர் வந்தார், தைலம் வந்தது, ஒன்றும் நடக்கவில்லை, அவரும் நடக்கவில்லை. கப்பலை ஒரு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இனித் தள்ள முடியாது என்றார்கள். செத்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மலையேறக் கூடாது, கோயில் படி மிதிக்கக் கூடாது என்று நூறு சொன்ன பெரியவர்கள் எவரும் கப்பலைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு அது தோன்றியிருக்காது.

கப்பல்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். பெரியவர் தானாக நடப்பாரா, கைத்தாங்கலாக நடப்பாரா, நாற்காலியை விட்டு எழவே மாட்டாரா? மூன்றாவதைச் சொன்னால் கதவு அகலமான அறை வேண்டும்; அதெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. சுப்ரியா தயங்காமல் இரண்டாவதில் குறி போட்டாள். "கைத்தாங்கலாக நடப்பார்." மடக்குகிற சக்கர நாற்காலியைச் சும்மா கையோடு கொண்டுபோவதாக எழுதினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பாஸ்கரனின் அக்கா ராஜலட்சுமி கிருஷ்ணகிரியிலிருந்து போன் பண்ணினாள். தம்பிக்குப் பண்ணாமல் நேராக ஜெயமணிக்கே பண்ணினாள்.

"ஜெயா, எங்கப்பன எப்பிடிக் கூட்டினு போறியோ அப்பிடியே கொண்டாந்து சேக்கணும். அம்மா சொல்லிட்டுப் போன பேச்சு எனக்கு நெஞ்சுல நிக்குது. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா தம்பியக் கேக்க மாட்டன். உன்னத்தான் கேப்பன்."

"கூட்டினு வந்துருவன் அண்ணி."

சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பெட்டியில் என்ன வைத்தாள், என்ன மறந்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்கே தெரியாது.

விடிகாலையில் கார் கிளம்பத் தயாராக நின்றது. வழியனுப்ப வந்த நாகம்மா சும்மா இருக்காமல் தலையை எண்ணினாள்.

"அஞ்சு பேரா போறீங்க? உங்க அத்தை இருந்திருந்தா வுட்டிருக்குமா?"

மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்பது ஊரறிந்தது. கிளம்பித்தான் ஆக வேண்டுமென்றால் ஒரு கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டு நாலாவது ஆளாகக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். சரோஜம்மாளுக்கு ஒற்றைப்படை எல்லாமே மூன்றுதான். ஐந்து பேர் கல்யாணத்துக்குப் போனாலும் கல், ஏழு பேர் துணிக்கடைக்குப் போனாலும் கல். அதைக் கையில் எடுத்து, "வாங்க, எங்ககூட வந்துட்டுப் போங்க" என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் பையில் போடுவாள்.

ஜெயமணி தெருவைப் பார்த்தாள். மாவட்டமே கல்லை வெட்டி லாரி லாரியாக அனுப்புகிறது. அந்தத் தெருவில் பொறுக்க ஒரு கல் இல்லை, முழுக்க சிமென்ட். பாஸ்கரன் முன்சீட்டில் அப்பாவை ஏற்றிப் பெல்ட் போடுகிற போராட்டத்தில் இருந்தான். அவள் டிக்கியைத் திறந்து, பெட்டிகளை நகர்த்தி, ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் கைவிட்டாள். பழைய துண்டில் சுற்றி உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் இருந்தது. வழுவழுவென்று, மேலே காய்ந்த மஞ்சளும் குங்குமமும்.

டயருக்கு முட்டுக்கொடுக்கிற கல் என்று நினைத்தாள். மஞ்சள் ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. ஓசூரில் யாரும் யோசிக்க மாட்டார்கள். ஆயுதபூஜை வந்தால் லேத் மெஷினிலிருந்து ஸ்பேனர் வரைக்கும், வாட்ச்மேன் உட்காரும் ஸ்டூல் வரைக்கும் மஞ்சள் தடவுகிற ஊர். டயர்க் கல்லுக்கு மட்டும் தடவாமல் விடுவார்களா?

துண்டிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டாள். பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"வாங்க, எங்ககூட வந்துட்டுப் போங்க."

முன்சீட்டில் கோவிந்தன் தலையைத் திருப்பிப் பார்த்தார்.

துறைமுகச் சோதனையில் அந்தக் கல்லை எடுத்து வைத்துக்கொண்டு இது என்னவென்று கேட்டார்கள். பாஸ்கரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேறு வழியில் போயிருந்தான். "சாமி கல்லுங்க" என்றாள் ஜெயமணி. சோதனை செய்தவர் மஞ்சளைப் பார்த்துவிட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். பூட்ஸைக் கழற்றாதது ஒன்றுதான் பாக்கி.

கப்பல் என்றால் என்ன கப்பல்! சிப்காட்டில் நாலு கம்பெனியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெள்ளையடித்த மாதிரி இருந்தது. ஆனால் அறை மட்டும் தீப்பெட்டி. தாத்தா, பாஸ்கரன், ஜெயமணி ஒரு அறையில். எதிர் அறையில் சுப்ரியாவும் குழந்தையும். நாற்காலி கதவுக்குள் வரவில்லை. மடக்கி உள்ளே கொண்டுவந்தால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விரியவில்லை. குளியலறைக்கு ஒரு சாண் உயரத்தில் நிலைப்படி. பாஸ்கரன் அப்பாவைத் தூக்கி அந்தப் படியைத் தாண்டி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தான்.

"கைத்தாங்கலா நடப்பார்னு எழுதுனியே மகராசி, யாரு கைத்தாங்கலா?"

சுப்ரியா குழந்தைக்கு ஷூ மாட்டுவதில் தீவிரமானாள்.

சாயங்காலம், ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று பயிற்சி நடந்தது. எல்லாருக்கும் காற்றடைத்த சட்டை மாதிரி ஆரஞ்சு நிறத்தில் ஒன்றைக் காட்டினார்கள். பாஸ்கரன் அவன் பிளாண்டில் பாதுகாப்புக் கமிட்டி உறுப்பினர்; தன் ஆட்களை வரிசையாக நிறுத்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். கப்பலில் வேலை செய்கிற தூத்துக்குடிப் பெண் ஒருத்தி ஒவ்வொரு குடும்பமாகத் தலையெண்ணி வந்தாள்.

"ஆறு."

"அஞ்சும்மா," என்றான் பாஸ்கரன்.

அவள் மறுபடியும் எண்ணினாள். விரல் கோவிந்தனின் நாற்காலிக்கு வலப்பக்கம் வந்து ஒரு நொடி நின்றது. "மன்னிச்சுக்கோங்க சார், அஞ்சுதான்," என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். நகர்ந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

ஜெயமணிக்கு உள்ளூரச் சிரிப்பு. பையில் கிடக்கிற கல்லைக்கூட எண்ணிவிட்டாளே, இவளல்லவா வேலைக்காரி!

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தபோது மாமனார் கட்டில் காலியாக இருந்தது.

குளியலறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பிளாஸ்டிக் முக்காலியில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். குளித்திருந்தார். முதுகில் பவுடர், நெற்றியில் விபூதி. வேட்டி இடது இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. தலை நடுவகிடு எடுத்து வாரியிருந்தது. மாமியார் எடுத்துவிடுகிற வகிடு அது. பாஸ்கரனுக்கு அப்பா தலையை வாரத் தெரியாது. வாரியிருந்தாலும் ஓரவகிடுதான் எடுப்பான்.

"ஏங்க, மாமாவக் குளிப்பாட்டுனீங்களா?"

"நீதான பண்ணுன? நான் இப்பத்தான் எழறன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்து, செய்தது யார் என்று தெரியாவிட்டால், நான்தான் என்று சொல்லிக்கொள்கிற ஆள் பாஸ்கரன். அன்றைக்கு அவனும் வாயை மூடிக்கொண்டான். அறையில் சோப்பு நுரையும் சாக்கடையும் கலந்த மாதிரி ஒரு நெடி அடித்தது. கப்பல் பைப்பு சரியில்லை என்று பாஸ்கரன் தீர்ப்புச் சொன்னான்.

பிறகு கோவிந்தன் எழுந்தார்.

யாரும் பிடிக்கவில்லை. வலது முழங்கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு, நிலைப்படியைத் தாண்டி, அறையைத் தாண்டி, நடைபாதைக்கு வந்து நடந்தார். பத்து அடி. நின்றார். நின்று, கொஞ்சம் பொறுத்து, மறுபடியும் பத்து அடி.

சுப்ரியா கத்திய கத்தலில் நாலு அறைக் கதவு திறந்தது. "தாத்தா! தாத்தா நடக்கறாரு!" போனை எடுத்துப் படம் பிடித்தாள். கப்பல் வைஃபையில் கிருஷ்ணகிரிக்கு அனுப்பினாள். ராஜலட்சுமி அழுதுகொண்டே கூப்பிட்டாள். "கடக்காத்துடி ஜெயா, கடக்காத்து! நீ எங்கப்பனுக்கு உசுரு குடுத்துட்ட!" குழந்தை வீரலட்சுமி கைதட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியது. பக்கத்து அறைக்காரர்கள் இனிப்பு கொடுத்தார்கள். பாஸ்கரன் ஒவ்வொருவரிடமும், கப்பல் யோசனை தன்னுடையது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

ஜெயமணி மட்டும் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோவிந்தனின் வலக்கைச் சட்டை, முழங்கைக்கு மேலே, உள்ளே அமுங்கியிருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு வரி. யாரோ இறுகப் பிடித்தால் துணி எப்படிக் கசங்குமோ அப்படி. அவர் நின்றால் வரி தளர்ந்தது. நடந்தால் இறுகியது.

சாப்பாட்டு மண்டபத்தில் வலப்பக்கத்து நாற்காலியில் குழந்தையை உட்காரவைக்கப் போனபோது கோவிந்தன் இடதுகையால் தள்ளினார். பரிமாறுகிற பையன் வந்து கேட்காமலே அங்கே ஒரு தட்டு வைத்துவிட்டுப் போனான். ஜெயமணி அவனைக் கூப்பிட்டு ஏன் வைத்தாய் என்று கேட்கவில்லை. அவன் என்ன பதில் சொல்வான் என்று பயந்தாள்.

அன்றைக்கு முழுக்க அவர் நடந்தார். முதலில் நடைபாதை முனை வரைக்கும். பிறகு லிப்ட் வரைக்கும். பதினொரு மணிக்கு மேல்தளக் கதவு வரைக்கும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்தாக, ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடக் கொஞ்சம் தூரம். மாட்டை முதன்முதலாக வண்டியில் பூட்டுகிறவர்கள் இப்படித்தான் பழக்குவார்கள், நேற்றுப் போன இடத்துக்கு இன்றைக்குப் பயப்படாது. எல்லாரும் எத்தனை அடி என்று எண்ணினார்கள். எந்தத் திக்கில் என்று பார்த்தது ஜெயமணி ஒருத்திதான்.

இரண்டு மணிக்கு, பாஸ்கரன் சாப்பிட்ட களைப்பில் சாய்ந்திருந்த நேரம், அவர் மேல்தளத்தில் ஓரக் கம்பி வரைக்கும் போய்விட்டார். ஜெயமணி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். கம்பிக்கு அந்தப் பக்கம் தண்ணீர், எங்கே பார்த்தாலும் தண்ணீர். கிருஷ்ணகிரி டேம் நிரம்பினதைப் பார்த்ததையே வருஷம் முழுக்கப் பேசுகிறவர்களுக்கு அது தாங்காது. அவர் கம்பியை இடதுகையால் பிடித்தார். இடதுகாலைத் தூக்கி, பஸ் படியில் வைப்பதுபோல, கீழ்க்கம்பியில் வைத்தார். உடம்பு மேலே எழுந்தது. வலது தோள் தனியாக உயர்ந்தது, மேலேயிருந்து யாரோ கைகொடுத்து ஏற்றுவதுபோல.

"மாமா!"

இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள். இருவரும் நாற்காலிமேல் விழுந்தார்கள். மூன்று வருஷமாக "ஆங்" என்பதைத் தவிர வேறு சொல் வராத வாய் அவளைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னது.

"எடம் பாத்துட்டா."

ஜெயமணி அவரை அறைக்குக் கொண்டுவந்து, பாஸ்கரனை எழுப்பி, சுப்ரியாவையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதைப் பார்த்து மாத்திரை எடுக்கக் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தாள். சீப்பு, மாத்திரை அட்டை, குழந்தையின் சாக்ஸ், கல். கல் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. பையில் வேறெதுவும் நனையவில்லை. காலையில் அடித்த அதே நெடி குப்பென்று வந்தது.

பாஸ்கரன் முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிற்று.

"இது எங்க இருந்துச்சு?"

"டிக்கியில. டயருக்கு வெக்கற கல்லு."

"டயருக்கு வெக்கற கல்ல நான் போன வருசமே தொலச்சுட்டன்டி."

"அப்ப இது?"

பாஸ்கரன் அப்பாவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். தப்பிக்க வழியில்லை, நடுக்கடல்.

கருமகாரியத்தன்றைக்கு ஆற்றங்கரையில் ஒரு கல்லை நிறுத்துவார்கள். செத்தவர் அதில் வந்து உட்கார்ந்திருப்பதாக வைத்து மஞ்சள் பூசி, சோறு படைத்துக் கும்பிட்டு, கொள்ளி போட்ட மகன் அதைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். சரோஜம்மாளுக்குக் காரியம் நடந்தது கெலவரப்பள்ளி அணைக்குக் கீழே, தென்பெண்ணையில். பெண்கள் போகவில்லை. போன ஆண்களும் பந்திக்கு நேரமாகிறது என்று முன்னதாக நகர்ந்துவிட்டார்கள்.

"அன்னிக்கு ஆத்துல நுர," என்றான் பாஸ்கரன். "இடுப்பு ஒசரத்துக்கு நுர ஜெயா. பஞ்சுப் பொதி மாதிரி நிக்குது. தண்ணி எங்க இருக்குதுன்னே தெரியல. பெங்களூர்ச் சாக்கட மொத்தமும் அதுலதான, நாத்தம் வேற. கால வெச்சா எந்தப் பள்ளத்துல போவனோன்னு... காரியம் பண்ணி வெச்சவரும் பைக்ல ஏறிட்டாரு. ஓரத்து நுரையில ஒரு தடவ முக்கி எடுத்தன். நாளைக்கு நல்ல தண்ணியில வுட்டுக்கலாம்னு டிக்கியில வெச்சன். அப்பறம் ஷிப்டு மாறிடுச்சு..."

"நாலு மாசமாவா உங்க நாளைக்கு?"

"மறந்துட்டன்டி."

"உங்கம்மாவ டிக்கியில வெச்சுனு நாலு மாசம் கம்பெனிக்குப் போயிட்டு வந்திருக்கீங்க."

"அதான் வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு மெக்கானிக்குகிட்ட வேற காட்டுனன்," என்றான் பாஸ்கரன், அழுகிற குரலில்.

வேறு சமயமாக இருந்தால் ஜெயமணி சிரித்திருப்பாள். அவளை அடித்தது இன்னொன்று. டிக்கியில் நாலு மாதம் சும்மா கிடந்ததைக் கையில் எடுத்து, முறைப்படி, வாங்க என்று கூப்பிட்டது அவள்தான்.

"இப்பவே இத கடல்ல வுடணும். நீங்கதான் வுடணும்."

"அம்மா," என்றாள் சுப்ரியா. "தாத்தா நடக்கறாரும்மா. மூணு வருசத்துக்கப்பறம் பேசியிருக்காரு. இத வுட்டுட்டு அவரு மறுபடி படுத்துட்டாருன்னா? கம்பிகிட்ட போவாம நாம பாத்துக்கலாம்."

"எத்தன நாளைக்குடி பாத்துக்குவ? வீட்டுல மாடி இல்லையா? தெருக்கோடியில ரோடு இல்லையா?"

கட்டிலில் கோவிந்தன் வலப்பக்கம் இடம் விட்டு, சுவரோரமாக ஒடுங்கிப் படுத்திருந்தார். நிம்மதியாகத்தான் தெரிந்தார். அதுதான் ஜெயமணிக்குத் தாங்கவில்லை. அவரைக் கேட்டால் எதைச் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவில்லை.

ஐந்தரை மணிக்கு முன்தளத்தில் ஆட்டம் பாட்டம் தொடங்கியது. கப்பல் மொத்தமும் அங்கே போயிற்று. பின்தளத்தில் இவர்கள் மட்டும். அவரைத் தனியாக அறையில் விட மனசில்லாமல் கூட்டி வந்திருந்தார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு சுப்ரியா தள்ளி நின்றாள். வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்கரன் கல்லை இரண்டு கையிலும் ஏந்திக் கம்பியோரம் நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"வுடுங்க."

"எங்கம்மாடி," என்றான் பாஸ்கரன். ஐம்பத்து நாலு வயசு, அடுத்த வருஷம் பேரக்குழந்தை பள்ளிக்கூடம் போகப்போகிறது. உதடு பிதுங்கி நின்றான்.

அப்போது கோவிந்தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். முழங்கையை விலக்கிக்கொண்டு, நேராகக் கம்பியை நோக்கி, நிற்காமல். பத்துக்கு நிற்கவில்லை. இருபதுக்கும் நிற்கவில்லை.

ஜெயமணி ஓடிப்போய் அவருடைய வலது முழங்கையைப் பிடித்தாள். பிடித்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உள்ளங்கைக்குத் தெரிந்தது. குளிர்ந்த, எலும்பான நாலு விரல். நடுவிரலில் நெளி மோதிரம். சாவன்றைக்கு மாமியார் கையிலிருந்து அந்த மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றியது ஜெயமணிதான்.

இருபத்தெட்டு வருஷத்தில் அவள் மாமியாருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவுக்கே தெரியும், அதற்காகத் தெரு அவளைக் கேலியும் பண்ணியிருக்கிறது.

"அத்தை," என்றாள். "நீங்க எடம் பாத்தது சரிங்க. இவரு இப்ப என் கணக்குல வந்திருக்காரு. கொண்டாந்து சேக்கறன்னு அண்ணிகிட்ட வாக்குக் குடுத்துட்டன். வாங்கன்னு உங்களக் கூப்புட்டதும் நான்தான். இப்ப போயிட்டு வாங்கன்னு சொல்றன்." அப்படிச் சொல்லக் கூடாதென்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போங்க. வேள வந்தா நானே இவரக் குளிப்பாட்டி, தல வாரி, அனுப்பி வெக்கறன். அதுவரைக்கும் கைய எடுங்க அத்தை."

விரல்கள் எடுக்கவில்லை. இன்னும் இறுகின. கோவிந்தனின் கால் கம்பியில் ஏறியது. ஜெயமணி அந்த விரல்களின் மேலேயே தன் விரல்களை வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சுண்டுவிரல். மோதிர விரல். நடுவிரல் வரவில்லை. அவள் திரும்பிக் கத்தினாள்.

"வுடுங்களேன் மனுசா! கம்பெனி கேட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க!"

பாஸ்கரன் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டான். திரும்பிப் பார்க்கக் கூடாதென்று முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டான். கல் தண்ணீரில் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. ஜெயமணியின் கைக்குக் கீழே இருந்தது இல்லாமல் போயிற்று. கோவிந்தனின் முழு எடையும் ஒரே சமயத்தில் அவள் மேல் வந்து விழுந்தது. கம்பியிலிருந்து அவரை இறக்கி நாற்காலியில் சேர்ப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

அவர் "ஆங்" என்றார். அதற்குப் பிறகு அதுவும் சொல்லவில்லை.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் ராஜலட்சுமி வந்தாள். கையில் போன். போனில் அப்பா நடக்கிற படம். அதை அப்பா முகத்துக்கு நேராகக் காட்டி, "நடப்பா, எனக்கு நடந்து காட்டு" என்று அரைமணி நேரம் கெஞ்சினாள். அவர் நாற்காலியில் அசையாமல் இருந்தார். ராஜலட்சுமி வாசலுக்கு வந்தாள். வாசலில் ஏற்கெனவே நாகம்மா இருந்தாள், இன்னும் நாலு பேர் இருந்தார்கள். அந்தத் தெருவில் சண்டைக்கு அழைப்பிதழ் வேண்டியதில்லை.

"நடந்துனு இருந்த மனுசன் இவரு! இதோ பாருங்க! ஊரே பாக்கட்டும்! நல்லா நடந்த எங்கப்பன ஒரே நாள்ல உக்கார வெச்சு அனுப்பியிருக்கா. என்னடி பண்ணுன ஜெயா?"

ஜெயமணி பாஸ்கரனைப் பார்த்தாள். அவன் ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நுரையைச் சொல்ல வேண்டும், டிக்கியைச் சொல்ல வேண்டும். அக்கா முன்னால், தெரு முன்னால். பாஸ்கரன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான். வார் நன்றாகத்தான் இருந்தது.

"ஆமா அண்ணி," என்றாள் ஜெயமணி. "நான்தான் உக்கார வெச்சன்."

ராஜலட்சுமி நீட்டிக்கொண்டிருந்த போனை இறக்கினாள். தெருவில் அதைப் பற்றி இன்றைக்கும் இரண்டு கட்சி. திமிர் என்கிறது ஒன்று, ஏதோ நடந்திருக்கிறது என்கிறது இன்னொன்று. நாகம்மா இரண்டிலும் இருக்கிறாள்.

ஜெயமணி உள்ளே போய்க் கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டு வந்து மாமனார் முன்னால் உட்கார்ந்தாள். முதல் கரண்டியை நீட்டினாள். கோவிந்தன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார், விழுங்கினார், அடுத்ததையும் வாங்கிக்கொண்டார். கிண்ணம் காலியாகும் வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது என்று யாராவது சொன்னால் அது பொய்.